துடைத்தெறியும் வைத்தியம்

காலில் முள் குத்திய ஒருவன் வைத்தியரிடம் போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வைத்தியர் அவன் காலைப் பார்க்கவில்லை. எங்கே குத்திற்று, எப்போது குத்திற்று என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. உட்கார வைத்துத் தலையை மொட்டையடித்து, "எல்லாம் சரியாய்ப் போகும், போய் வா" என்று காசை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார். வீட்டுக்குத் திரும்புகிற வழியிலேயே முள் மறுபடியும் சுருக்கென்கிறது. இப்படிப்பட்ட வைத்தியர் நம் தெருவில் கடை போட்டால் எத்தனை நாள் தாங்குவார்? ஆனால் கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பார்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டு தெருவுக்குத் தெரு இதைத்தான் செய்கிறார்கள். இந்த மொட்டைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஃபார்மட்'. நாமும் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு, "கெட்டிக்காரப் பையன், ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டான்" என்று மெச்சிக்கொண்டு வருகிறோம்.

நாவல் எழுதுகிறவனுக்கு இந்த வம்பெல்லாம் எதற்கு என்று யாராவது கேட்கக்கூடும். நாலு அத்தியாயங்களைப் பறிகொடுத்தவன் என்ற ஒரு தகுதி எனக்கு இருக்கிறது. அது போதுமென்று நினைக்கிறேன்.

நடந்தது இதுதான். என் வீட்டில் இருப்பது மேஜைக் கம்ப்யூட்டர். அதில் 8 ஜி.பி. ரேம் இருந்தது. எழுதுவதற்கு அது தாராளம். ஆனால் எழுதுகிறவன் எழுத மட்டுமா செய்கிறான்? பத்து ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு பராக்குப் பார்க்கிறான். யந்திரம் பெருமூச்சு விட ஆரம்பித்தது. "இன்னொரு 8 ஜி.பி. போட்டால் பறக்கும் சார்" என்றான் கடைத் தம்பி. போட்டான். பழைய ரேம் 3200 வேகம். புதியதன் டப்பாவில் 3600 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. "அந்த வேகத்துக்கே செட் பண்ணிக் கொடுத்துட்டேன் சார்" என்று உபரியாக ஓர் உபகாரமும் செய்தான். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. நாம் கேட்காமலே ஒருவன் நமக்கு வேகம் கொடுக்கிறான் என்றால் வேண்டாமென்றா சொல்லுவோம்?

மூன்றாம் நாள் இரவு, கதாநாயகி ரயிலிலிருந்து இறங்கப் போகிற சமயத்தில், திரை நீலமாயிற்று. விண்டோஸ் மூர்ச்சை போடுகிறபோது காட்டும் அந்த நீலத் திரையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். (2025-இல் அதைக் கறுப்பாக மாற்றினார்கள். மூர்ச்சை அதே மூர்ச்சைதான்.) மறுபடி போட்டேன், ஓடிற்று. மறுநாள் பிரவுசர் திடீரென்று மறைந்தது. அதற்கடுத்த நாள் வேர்டு. பிறகு மீண்டும் நீலத் திரை. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பெயரில் குற்றச்சாட்டு: ஒரு நாள் ஏதோ டிரைவர், ஒரு நாள் ஏதோ பக்கம் காணவில்லை, இன்னொரு நாள் மெமரி மேனேஜ்மெண்ட்.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். தம்பி இரண்டு நிமிஷம் பார்த்தான். "விண்டோஸ் கரப்ட் ஆயிடுச்சு சார். ஃபார்மட் அடிச்சுடலாம். முக்கியமானதெல்லாம் டி டிரைவ்ல இருக்குல்ல?"

இருக்கிறது என்றேன். என் அறியாமையை மறைக்க நான் விரும்பவில்லை. திரையின் முகப்பில் கண்ணெதிரே கிடக்கிற பைல்கள் சி டிரைவில்தான் இருக்கின்றன என்ற பால பாடம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. பதினோரு அத்தியாயங்கள் பென் டிரைவில் இருந்தன; தப்பின. பன்னிரண்டு முதல் பதினைந்து வரை திரையின் முகப்பில் இருந்தன. துடைத்தெறியப்பட்டன. கேட்காமல் விட்டது அவன் குற்றமா, தெரியாமல் சொன்னது என் குற்றமா என்று இப்போது வழக்காட நான் வரவில்லை. என் வழக்கு வேறு. துடைத்துக் கொடுத்த இரண்டாம் நாள் மறுபடியும் திரை நீலமாயிற்று. அதைத்தான் கேட்கிறேன். குற்றமற்ற நாலு அத்தியாயங்களைத் தூக்கிலிட்ட பிறகும் திருட்டு நடக்கிறது என்றால், திருடன் எங்கே?

இரண்டாவது தடவை போனபோது, "மதர்போர்டே போயிருக்கும் சார். பேசாம புதுசு எடுத்துடுங்க" என்று தீர்ப்பு வந்தது.

அந்த வாரம் என் தங்கையின் மகள் ஊரிலிருந்து வந்தாள். இன்ஜினீயரிங் படிக்கிற பெண். நான் என் துக்கத்தை ஆலாபனை செய்துகொண்டிருந்தபோது குறுக்கே ஒரே கேள்வி கேட்டாள்: "மாமா, இது எப்பலேர்ந்து?"

"புது ரேம் போட்டு மூணாம் நாளிலேர்ந்து, அம்மா."

"அதைக் கழட்டிப் பார்த்தாங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. யாரும் கழற்றிப் பார்க்கவில்லை. பல்லாயிரம் ரூபாய் யந்திரத்தைக் குப்பையில் போடச் சொன்ன சாஸ்திரத்தில் இந்தக் கேள்விக்கு இடமில்லை.

பிளக்கைப் பிடுங்கினாள். பெட்டியின் இரும்பைத் தொட்டு உடம்பிலிருக்கும் மின்சாரத்தைப் போக்கிக்கொண்டாள். புது ரேமைக் கழற்றினாள். பழையது மட்டும் ஒரு பகல் முழுக்க ஓடிற்று. ஒரு கோளாறும் இல்லை. பிறகு பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மட்டும், அதே ஸ்லாட்டில் மாட்டினாள். அதுவும் ஓடிற்று! எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது; குற்றவாளி அகப்பட்டான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டையும் சேர்த்து மாட்டி, மெம்டெஸ்ட்86 என்கிற சோதனையை ஓடவிட்டாள். சில நிமிஷத்துக்குள் திரையில் சிவப்பு வரிகள் சரசரவென்று விழுந்தன. பயாஸுக்குள் போய், தம்பி உபகாரமாகச் செய்து கொடுத்த அந்த 3600-ஐ எடுத்துவிட்டு, வழக்கமான வேகத்துக்குக் கொண்டுவந்தாள். இரவு முழுவதும் சோதனை நடந்தது. காலையில் காப்பியோடு போய்ப் பார்த்தேன். ஒரு சிவப்பு வரி இல்லை. அன்று முதல் இன்றுவரை யந்திரம் மூர்ச்சை போடவில்லை. செலவு: ஒன்றுமில்லை.

இரண்டு மாடும் நல்ல மாடுதான். பழைய மாடு வீட்டு வண்டி இழுத்துப் பழகியது. புதியது ரேக்ளாவுக்கு வளர்த்தது. இரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டி ரேக்ளா வேகத்தில் அடித்தால் வண்டி குடை சாயாமல் என்ன செய்யும்?

அந்த டப்பா எண்ணைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். டி.டி.ஆர். 4 வகை ரேமுக்கு உலகப் பொதுவாக வகுத்த விதி 3200 வேகத்தோடு நின்றுவிடுகிறது, அழுத்தம் 1.2 வோல்ட். டப்பாவின் மேல் 3600 என்று போடுகிறார்களே, அது பெரும்பாலும் 1.35 வோல்ட் கொடுத்து விரட்டினால் எட்டுகிற வேகம். 2007-இல் இன்டெல் கொண்டுவந்த எக்ஸ்.எம்.பி. என்ற ஏற்பாட்டின்படி அந்த விரட்டலின் கணக்கு ரேமுக்குள்ளேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. பயாஸில் ஒரு தட்டுத் தட்டினால் அமலுக்கு வரும். இது விதிக்கு மீறிய ஓட்டம் என்று பிராசஸர் செய்கிறவர்களே வகைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். ஆனால் டப்பாவில் கொட்டை எழுத்தில் இருப்பது எந்த எண்? விதி சொல்லும் எண் பொடி எழுத்தில்கூட இல்லை. சோப்பு விற்கிறவன் 'அழகு' என்று எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளலாம். அதை யாரும் அளந்து பார்ப்பதில்லை. இங்கே எண்ணைப் போட்டு விற்கிறார்கள். எண் என்றால் நாம் நம்பிவிடுகிறோம்.

ரேம் என்பது என்ன? 1968-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டு காப்புரிமை பெற்ற யுக்திதான் இன்றைக்கும் அதன் உயிர். ஒரு டிரான்சிஸ்டர், பக்கத்தில் மின்சாரத்தைப் பிடித்து வைக்க மிகச் சிறிய ஒரு கொள்கலம். நிரம்பியிருந்தால் ஒன்று, காலியென்றால் பூஜ்யம். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாத்திரம் ஓட்டை. ஊற்றியது ஒழுகிக்கொண்டே இருக்கும். ஆகவே வழக்கமாக 64 மில்லி செகண்டுக்குள் ஒரு தடவை எல்லாப் பாத்திரங்களையும் பார்த்து மறுபடி நிரப்புகிறார்கள். 8 ஜி.பி. என்றால் 6,871 கோடிக்கு மேற்பட்ட பாத்திரங்கள்! அடிக்கிற வேகத்தில் ஒரே ஒரு பாத்திரத்தைத் தப்பாகப் படித்தால் போதும்.

தப்பு நேர்கிற இடம் ஒன்று. அலறுகிற குரல் வேறு. இதுதான் சூட்சுமம். திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் ஓர் அறை மழைக்கு ஒழுகுகிறது. இன்றைக்கு அதில் தங்கியவர் குமாஸ்தா. நாளைக்கு மருந்துக் கம்பெனிக்காரர். மறுநாள் பரீட்சை எழுத வந்த பையன். மூன்று பேருக்கும் ஜலதோஷம். குமாஸ்தாவின் உடம்பு பலவீனம், மருந்துக்காரருக்குப் பழக்க தோஷம், பையன் ராத்திரி கண் விழித்தான் என்று மூன்று காரணம் எழுதினால் ஒழுகல் நிற்குமா? ரேமில் ஒரு மூலை கெட்டிருந்தால் அங்கே யார் குடியிருக்கிறார்களோ அவர்கள் விழுவார்கள்: இன்று பிரவுசர், நாளை வேர்டு, மறுநாள் விண்டோஸே. தினம் ஒரு பெயரில் குற்றச்சாட்டு வந்தால், குற்றம் சாட்டப்பட்டவர்களை விட்டுவிட்டு அறையைப் பார்க்க வேண்டும். ரேம் மாற்றிய பிறகு அப்படி வந்தால், சந்தேகத்துக்கே இடமில்லாமல் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. ஃபார்மட் செய்து விண்டோஸை மறுபடி போடுகிறார்களே, அந்தப் புது விண்டோஸ் எந்த வழியாக உள்ளே போகிறது? அதே ரேம் வழியாகத்தான். அழுக்குக் குடத்தைக் கழுவாமல் அதிலேயே புதுத் தண்ணீர் மொண்டு வந்து வீட்டைக் கழுவுகிற காரியம் இது. போகிற போக்கில் நாலு பைல்கள் கெட்டு, புது வீட்டிலும் பழைய நோய் குடியேறும். டிஸ்க்கைப் பழுது பார்க்கிறேன் என்று கிளம்புவதும் அப்படியே. கெட்ட ரேமை வைத்துக்கொண்டு செய்கிற பழுது பார்த்தல், இருக்கிற நல்லதையும் கெடுத்துவிடலாம். அந்த நாட்களில் எடுக்கிற பிரதிகளைக்கூட நம்ப முடியாது. முதலில் ரேமைக் கழற்றி, ஒன்றொன்றாக மாட்டி, சரியாக அழுந்தி 'க்ளிக்' என்று உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, மதர்போர்டுப் புத்தகம் சொல்கிற ஸ்லாட்டில்தான் இருக்கிறதா என்று பார்த்து, வேகத்தை வழக்கத்துக்கு இறக்கி, ஓர் இரவு சோதித்துவிட்டுப் பிறகு மற்றதைத் தொட வேண்டும். மெம்டெஸ்ட்86 நேற்று வந்த அதிசயமல்ல. 1994 முதல் இருக்கிறது. அதுகூட வேண்டாம், 2007-இல் வந்த விஸ்டா முதற்கொண்டு விண்டோஸுக்குள்ளேயே ஒரு ரேம் சோதனை இருக்கிறது. (இப்போது வருகிற பல லாப்டாப்களில் ரேமை மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைத்து விடுகிறார்கள். அங்கே கழற்றிப் பார்க்கிற பேச்சுக்கே இடமில்லை. அந்த அநியாயத்தைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

கடைத் தம்பிக்கு இது தெரியாதா? தெரியும் என்றே நினைக்கிறேன். அவனிடம் ஒரு மாலையில் கேட்டேன். கோபித்துக்கொள்ளவில்லை. "ராத்திரி பூரா டெஸ்ட்ல விட்டா, அந்த டேபிள்ல நாளைக்குக் காலைல வரை வேற வேலை ஓடாது சார். ஃபார்மட்னா கொடுப்பாங்க. டெஸ்ட் பண்ணேன், ஒண்ணும் இல்லை, வேகத்தைக் குறைச்சேன்னா, 'இதுக்கா காசு?'ம்பாங்க" என்றான்.

அவன் சொன்னது என்னைத்தான். யோசித்துப் பார்த்தேன். ஒருவன் இரவெல்லாம் காவலிருந்து, காலையில் ஒரு பொத்தானைத் தட்டி, "சரியாகிவிட்டது" என்றால் நான் காசு கொடுத்திருப்பேனா? முணுமுணுத்துக்கொண்டு பாதி கொடுத்திருப்பேன். மொட்டை அடித்தால் கண்ணுக்குத் தெரிகிறது. முள்ளை எடுத்தால் தெரிவதில்லை. நம் போன்ற மத்தியதர வர்க்கத்தாருக்குக் காரணம் வேண்டியதில்லை. வேலை நடந்ததற்கு அடையாளம் வேண்டும். எட்டு மணி நேரச் சோதனைக்குக் கூலி கேட்கிறவனை ஏமாற்றுக்காரன் என்போம். ஒரு மணி நேரத்தில் நம் சொத்தைத் துடைத்தெறிகிறவனைக் கெட்டிக்காரன் என்போம். "சீக்கிரம் கொடு தம்பி" என்று கடை வாசலில் நின்று கத்தியவன் நானே. ஆகவே அந்தப் பையன் மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதியை வாபஸ் வாங்கிக்கொண்டுவிட்டேன். மீதிப் பாதியைப் பெரிய இடத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது.

ஏனென்றால் இந்த நோய்க்கு மருந்து இல்லாமலில்லை. 1947-இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் ரிச்சர்டு ஹாமிங் என்ற கணித அறிஞர் வார விடுமுறைகளில் யந்திரத்திடம் கணக்கை ஒப்படைத்துவிட்டுப் போவார். திங்கட்கிழமை வந்து பார்த்தால், ஏதோ ஒரு தப்பைக் கண்டுபிடித்து யந்திரம் அவர் கணக்கைப் பாதியில் கைவிட்டிருக்கும். தப்பு நேர்ந்தது என்று தெரிந்துகொள்ளத் தெரிந்த யந்திரத்துக்கு, அது எங்கே நேர்ந்தது என்று கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ள ஏன் தெரியவில்லை என்று அவருக்கு எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலிலிருந்து பிறந்த வழியை 1950-இல் வெளியிட்டார். இன்று அந்த வழியில் வந்ததுதான் ஈ.சி.சி. ரேம். 64 பிட் சரக்கோடு 8 பிட் காவலாளிகளையும் சேர்த்து அனுப்புகிறார்கள். ஒரு பிட் தடம் புரண்டால் அங்கேயே திருத்திவிடும். இரண்டு புரண்டால் கூச்சல் போடும்.

அது யாருக்குக் கிடைக்கிறது? பெரிய கம்பெனிகளின் சர்வர்களுக்குச் சர்வசாதாரணமாகக் கிடைக்கிறது. பாங்க் கணக்குக்குக் காவல் உண்டு. உங்கள் வீட்டு யந்திரத்துக்கு இல்லை. வீட்டில் தப்பு நேராது என்பதாலா? டொராண்டோ பல்கலைக்கழகத்தாரும் கூகிள்காரர்களும் சேர்ந்து கூகிளின் சர்வர்களை இரண்டரை வருஷம் கவனித்து 2009-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வருஷத்தில் நூற்றுக்கு எட்டுக்கும் மேற்பட்ட ரேம்களில் தப்பு நேர்ந்திருக்கிறது. அங்கே காவலாளி இருந்தான், எண்ணிச் சொன்னான். உங்கள் வீட்டில் எண்ணுவதற்கே ஆளில்லை. 2021 ஜனவரியில் லினக்ஸை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ், ஈ.சி.சி.யைச் சாதாரண மக்களுக்கு எட்டாமல் செய்தது இன்டெல்லின் கொள்கைதான் என்று பகிரங்கமாகவே சாடினார். இப்போது வருகிற டி.டி.ஆர். 5-இல் சில்லுக்கு உள்ளேயே ஒரு திருத்தல் வைத்திருக்கிறோம் என்று பெருமைப்படுகிறார்கள். அது சில்லின் சுவருக்குள் நேர்கிற தப்பை மட்டும் பார்க்கும். சில்லிலிருந்து பிராசஸருக்குப் போகிற பாதையில் தடுக்கி விழுந்தால் அதற்குப் பொறுப்பில்லை. என் யந்திரம் தடுக்கி விழுந்தது அநேகமாக அந்தப் பாதையில்தான்.

யந்திரம் மூர்ச்சை போட்டால்கூடப் பரவாயில்லை, தெரிந்துவிடுகிறது. மூர்ச்சை போடாமல் எழுத்தை மாற்றிவிட்டால்? யூனிகோடில் நம் தமிழ் எழுத்துக்களுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். அந்த எண்களைப் பூஜ்யமும் ஒன்றுமாக எழுதி வைத்து என் மருமகள் காட்டினாள். எனக்கு வயிற்றைக் கலக்கிற்று. ரகரத்துக்கும் றகரத்துக்கும் வித்தியாசம் ஒரே ஒரு பிட். லகரத்துக்கும் ளகரத்துக்கும் ஒரே பிட். நகரத்துக்கும் னகரத்துக்கும் அப்படியே. பகரமும் மகரமும்கூட அப்படித்தான்! ஆறாயிரத்துச் சொச்சம் கோடிப் பாத்திரங்களில் ஒன்று ஒழுகினால் 'வேலை' வேளையாகிவிடும், 'படம்' மடமாகிவிடும். மாறிய எழுத்தோடு சேமித்துவிட்டால் அதுவே மூலம். எந்தச் சோதனையும் அதைப் பிழையென்று சொல்லாது. ஒவ்வொன்றும் நல்ல தமிழ்ச் சொல்.

தொலைந்த நாலு அத்தியாயங்களையும் மறுபடி எழுதினேன். முன்னதைவிட நன்றாக வந்திருக்கிறது என்று நண்பர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். முன்னதை அவர்கள் படித்ததில்லை. பென் டிரைவில் தப்பிய பதினோராம் அத்தியாயம் அந்த மூன்றாம் நாளுக்கும் ஃபார்மட்டுக்கும் நடுவில் சேமித்தது. சென்ற மாதம் புரூப் வந்தபோது அதில் ஒரு வரியில் நின்றேன். கதாநாயகி ஆற்றங்கரையில் நிற்கிறாள். "அவள் கறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்" என்றிருந்தது. ரகர றகரத்தில் சறுக்குகிற பழக்கம் எனக்கு உண்டு. என் பழைய ஆசிரியர் அதற்காகக் காதைத் திருகியிருக்கிறார். நான்தான் அடித்தேனா, யந்திரம் அடித்ததா என்று இன்றுவரை தெரியவில்லை. ஓரத்தில் பேனாவால் ஒரு ரகரத்தைப் போட்டு அச்சகத்துக்குத் திருப்பி அனுப்பினேன்.